மூச்சை அடக்கு, மூச்சை அடக்காதே

கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சட்டென்று கை காட்டத் தெரியாத ஊர் எங்களுடையது. மடத்துக்குளம். உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அலையைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். இந்த ஊரிலிருந்து ஒருத்தன் 'ஆழ்கடல் டைவர்' ஆகப் போகிறேன் என்று கிளம்பினான். ப்ளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பெயர் போடவில்லை. போட்டால் வீட்டுக்கே வந்து அடிப்பான்.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பாதைகள் ரொம்பக் குறைவு. மார்க் இருந்தால் இன்ஜினியரிங். கொஞ்சம் குறைந்தால் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதுவும் இல்லையென்றால் காலை பஸ் ஏறி திருப்பூர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங், எங்கே ஆள் கேட்கிறார்களோ அங்கே. இவன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்தவன். அந்த நேரத்தில்தான் அவன் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஆள் தண்ணீருக்குள் வெல்டிங் அடிக்கிறார், நாலாபுறமும் நெருப்புப் பொறி பறக்கிறது. கீழே 'ஆறே வாரப் பயிற்சி, வெளிநாட்டு வேலை, மாதம் லட்சத்தில் சம்பளம்'. வெல்டிங் தெரியும், ஆற்றில் நீச்சல் தெரியும், இதைவிட என்ன வேண்டும்?

அம்மாவின் நகை பேங்குக்குப் போனது. மீதிக்கு வட்டிக்கடன். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல். போனான், ஆறு வாரம் நீந்தினான், சிலிண்டர் மாட்டிக்கொண்டு மீன்களோடு போட்டோ எடுத்து அனுப்பினான், ஒரு பிளாஸ்டிக் கார்டோடு திரும்பி வந்தான். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு மும்பையில் ஒரு கம்பெனிக்குப் போனபோது அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தம்பி, இது டூர் போனா கடலுக்குள்ள மீன் பாக்கறதுக்கான கார்டு. வேலை பாக்கறதுக்கான சர்டிபிகேட் எங்க?"

இப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கார்டு போலி கிடையாது. அசல்தான். ஆனால் வேறு ஒரு காரியத்துக்கான அசல். டூ வீலர் லைசென்ஸ் கொடுத்துவிட்டு லாரி ஓட்டலாம் என்று சொல்லி அனுப்புவதைப் போல. இந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் சொல்ல ஆள் இல்லாததுதான் மூன்று லட்சத்துக்குக் காரணம். அதனால் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரண்டு வேறு தொழில்கள்

சுற்றுலாவுக்கு மூழ்குவது ஸ்கூபா. பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் 1943-ல் உருவாக்கிய கருவியின் வாரிசு. முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர். பாடி, அதாவது 1966-ல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு, தரும் முதல் நிலைச் சான்றிதழை மூன்று நான்கு நாளில் வாங்கிவிடலாம். 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு போகலாம். நல்ல பொழுதுபோக்கு. அதில் இன்னும் மேலே படித்து, பயிற்சி கொடுப்பவராக ஆனால் அதுவும் ஒரு வேலைதான். அந்தமானிலும் பாண்டிச்சேரியிலும் அப்படிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடலடி வேலை செய்பவரின் கதை வேறு. அவர் பெரும்பாலும் முதுகுச் சிலிண்டரை மட்டும் நம்பிப் போவதில்லை. மேலே இருந்து ஒரு தடித்த குழாய்க்கட்டு வரும். காற்று, பேசுவதற்கு ஒயர், ஆழத்தை அளக்கும் குழாய் எல்லாம் அதில் இருக்கும். மேலே அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஒரு ஆள். முழு உடையோடு, எந்த நிமிடமும் குதிக்கத் தயாராக இன்னொரு டைவர். இவர்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். பக்கத்தில் ஒரு அழுத்த அறை. காற்றை வைத்து சுமார் 50 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே எண்ணெய்க் கிணறுகளில் வேலை என்றால், ஹீலியம் கலந்த வாயுவை சுவாசித்துக்கொண்டு, கப்பலில் இருக்கும் அழுத்த அறைக்குள்ளேயே 28 நாள் வரை குடியிருக்க வேண்டும். வேலை முடிந்தாலும் உடனே கதவைத் திறந்து வெளியே வர முடியாது. அழுத்தத்தைக் குறைக்கவே நாள்கணக்கில் ஆகும்.

லட்சத்தில் சம்பளம் என்று விளம்பரம் காட்டிய போட்டோ இந்த ஆளுடையது. கொடுத்த கார்டு அந்த ஆளுடையது.

கிணத்து மாமா

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். கிணற்றில் எது விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாளி, குடம் என்றால் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவி எடுத்துவிடலாம். மோட்டார் விழுந்தால், ஃபுட் வால்வில் சேறு அடைத்தால், சில சமயம் ஆளே விழுந்தால், மாமாதான். கோவணத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டு, மூன்றாவது தடவை முங்கிவிடுவார். மேலே நிற்கிற நாங்கள் எண்ணுவோம். அறுபதைத் தாண்டும்போது பொம்பளைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டு சாமியைக் கூப்பிடுவார்கள். அவர் வருவார்.

இடது காது அவருக்குக் கேட்காது. யார் பேசினாலும் வலது பக்கம் வந்து நின்றுதான் பேச வேண்டும். "தண்ணி எடுத்துக்கிச்சு" என்பார்.

என் நண்பன் பயிற்சிக்குப் போவதற்கு முன் அவரிடம் போய் உட்கார்ந்தான். நானும் கூட இருந்தேன். மாமா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "உள்ள போறதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. எப்ப மேல வரோணும்னு தெரியோணும். அதுதான் வித்தை."

"அது எப்படீங் மாமா தெரியும்?"

"நெஞ்சு சொல்லும்."

மூச்சடக்கி முங்குபவருக்கு இது நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல முடியாவிட்டாலும் பெருமளவு சரி. உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு ஏற ஏற நெஞ்சு முட்டும். மேலே போ என்று அதுவே விரட்டும். ஆனால் சிலிண்டரோ குழாயோ மாட்டிக்கொண்டு கீழே போகிறவனுக்கு நெஞ்சு எதையும் சொல்லாது. அங்கேதான் ஆபத்தே ஆரம்பம்.

ப்ளஸ் ஒன்னில் பாயில் விதி படித்தோமே, நினைவிருக்கிறதா? அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதி. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் (சுமார் 33 அடி) ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மாமா மேலே இழுத்த ஆறு லிட்டர் காற்று 10 மீட்டர் ஆழத்தில் மூன்று லிட்டராகச் சுருங்கும். மேலே வந்தால் பழையபடி ஆறு. பிரச்சினை இல்லை. (இறங்கும்போது காதுக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகவில்லை என்றால் ஜவ்வு கிழியும். மாமாவின் 'தண்ணி எடுத்துக்கிச்சு' பெரும்பாலும் இதுதான்.)

சிலிண்டர் போட்டவன் 10 மீட்டர் ஆழத்திலேயே ஆறு லிட்டர் இழுக்கிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது பன்னிரண்டு லிட்டர் ஆகப் பார்க்கும். நெஞ்சுக்குள் அவ்வளவு இடம் இல்லை. நுரையீரல் கிழியும். அதனால்தான் ஸ்கூபா வகுப்பில் முதல் நாள் சொல்லித் தரும் முதல் பாடம்: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே.

மாமாவின் வித்தை முழுவதும் மூச்சை அடக்குவதில் இருக்கிறது. புதுக் கருவியின் முதல் விதி மூச்சை அடக்காதே என்கிறது. அனுபவசாலி கையில் பயிற்சி இல்லாமல் கருவியைக் கொடுத்தால், பயத்தில் அவருடைய பழைய திறமையே அவரைக் கொன்றுவிடும்.

அடுத்தது நைட்ரஜன். ஆழத்தில் நாம் இழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலே வந்தால் மெதுவாக வெளியேறும். வேகமாக வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள்ளேயே நுரைக்கும். மூட்டு வலி, பக்கவாதம், சாவு, எது வேண்டுமானாலும் நடக்கலாம். 1870-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கடியில் அஸ்திவாரம் தோண்டியவர்களை வாட்டியது இதுதான். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதனால் முடங்கிப்போய், வீட்டு ஜன்னலிலிருந்து பாலம் வளர்வதைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். இன்றைய டைவர் கையிலிருக்கும் அட்டவணைகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் தாத்தா அதுதான்.

எப்போது மேலே வரவேண்டும் என்று மாமாவுக்கு நெஞ்சு சொல்லும். குழாய் போட்டவனுக்கு அட்டவணை மட்டும்தான் சொல்லும். அந்த அட்டவணையைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் பயிற்சி.

தூத்துக்குடிக்கு வருவோம்

இது வெறும் பாடம் என்று நினைக்காதீர்கள். நம் மாநிலத்திலேயே இந்தப் பாடம் கிடைக்காமல் தினமும் மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தல் கொற்கைக் காலத்துச் சமாச்சாரம். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சுறாவிடமிருந்து காப்பாற்ற மந்திரம் போடுபவருக்கு, எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் டைவரின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு ஆளும் அவருக்கு ஒரு சம்பளமும் அந்தக் காலத்தில் இருந்ததே!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பது மட்டும் தொடர்ந்தது. மூச்சடக்கிக் குளித்தவர்களிடம் பிறகு கம்ப்ரசர் வந்தது. படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான ஒரு டியூப், டியூபின் நுனி டைவரின் வாயில். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் டயருக்குக் காற்றடிக்கச் செய்தது. மனிதன் சுவாசிக்கச் செய்தது இல்லை. இன்ஜின் புகை உள்ளே போனால் கார்பன் மோனாக்ஸைடு. டியூப் மடங்கினால் மூச்சு நின்றது. எல்லாம் சரியாக இருந்தாலும், அட்டவணை இல்லாமல் மணிக்கணக்கில் கீழே இருந்துவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தால் கோலி சோடா. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் நம் தமிழ் டைவர்களுக்கும் இதே கதைதான்.

இவர்களை 'பேராசை, சட்டத்தை மீறுகிறார்கள்' என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். தலைமுறை தலைமுறையாகக் கடலடி தெரிந்தவர்கள் இவர்கள். நீரோட்டம், பாறை, மணல் எல்லாம் அத்துப்படி. நம் நாட்டில் கடலடி வேலைக்கு ஆள் எடுக்க வேண்டுமென்றால் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள். ஆனால் லட்சக்கணக்கில் ஃபீஸ், இங்கிலீஷில் பாடம், பெரிய நகரத்தில் பயிற்சி நிலையம். எங்கிருந்து வருவார்கள்? ராமேஸ்வரம் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாசி எடுக்கும் அக்காக்களையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரப் போட்டோவில் அவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

கடல் இல்லாத ஊருக்கு டைவர் எதுக்கு?

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டது. நல்ல கேள்வி.

2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று உடைந்து போனது. நம் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கு வர வேண்டிய பி.ஏ.பி. தண்ணீர் சாலக்குடி ஆற்றில் ஓடியது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ரா அணையின் 19-ஆம் ஷட்டர் சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போனது. அணைகளுக்கு வயதாகிறது. எங்கள் அமராவதி அணையே 1950-களில் கட்டியது. தண்ணீருக்கு அடியிலிருக்கும் மதகு, ஷட்டர் சட்டம், குப்பைத் தடுப்புக் கம்பி இதையெல்லாம் அணை வற்றும்வரை காத்திருக்காமல் யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே? (அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. அங்கே போகிறவருக்குத் தனி அலவன்ஸ் கொடுக்கலாம் :-) )

மதகுக்குப் பக்கத்தில் இறங்குவது கடலில் இறங்குவதைவிட மோசமானது. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர அடி ஓட்டை திறந்திருந்து, மறுபக்கம் காலியாக இருந்தால், அந்த ஓட்டையை அடைக்கும் எதையும் ஏறக்குறைய ஒரு டன் விசை பிடித்து அழுத்தும். 2022 பிப்ரவரி 25-ல் ட்ரினிடாடில் கடலடி எண்ணெய்க் குழாயில் வேலை செய்துகொண்டிருந்த 5 டைவர்களை 30 அங்குலக் குழாய் இப்படித்தான் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. ஒருவர் மட்டும் உயிரோடு வெளியே வந்தார். அவர்கள் அனுபவம் உள்ளவர்கள். 2018-ல் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களையும் கோச்சையும் மீட்கும் வேலையில் இறந்த சமன் குனான் கடற்படையின் முன்னாள் வீரர். அவர்களுக்கே அப்படியென்றால், கோவணத்தோடு இறங்கும் மாமாவுக்கு?

அணையை விடுங்கள். கல்குவாரிக் குட்டையில் குளிக்கப்போன பையன் முங்கிவிட்டான் என்றால் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன் இறங்குவது மாமா மாதிரி ஒருவர்தான். அவருக்குப் பயிற்சியும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு டீயும் ஐந்நூறு ரூபாயும்.

என்ன செய்யலாம்?

கொச்சியில் கடற்படைக்கு டைவிங் பள்ளி இருக்கிறது, அது படைவீரர்களுக்கு. கோவாவில் மத்திய அரசின் நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. அது பெரும்பாலும் சுற்றுலாவுக்கு. நம்ம ஊர் ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இருக்கிறது. கடலடி வேலையின் முக்கால்வாசி இந்தத் தொழில்கள்தான். வெட்டுவது, ஒட்டுவது, போல்ட் முறுக்குவது. தண்ணீர் என்பது வேலைக்குப் போகிற வழி மட்டுமே. வெல்டர் முடித்தவனுக்கு அந்த வழியைக் கற்றுத்தரும் கூடுதல் படிப்பு ஒன்றைத் தூத்துக்குடியில் அரசாங்கமே நடத்தலாம். பாடம் தமிழில். சங்கு குளிப்பவர்களுக்கு முதல் இடம், ஃபீஸ் இல்லாமல். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு அழுத்த அறை. உள்ளூரில் கிணற்றில் இறங்குகிறவர்களுக்குத் தீயணைப்புத் துறை மூலம் ஒரு வாரப் பயிற்சியும் இன்சூரன்ஸும்.

"இனிமே எல்லாம் ரோபோ பாத்துக்கும், எதுக்கு டைவர்?" என்று என் ரூம்மேட் கேட்டான். பாதி உண்மை. ஆழமான இடங்களில் கண்காணிப்பு வேலையை ரோபோக்கள் எடுத்துக்கொண்டு வருகின்றன. வேலைகளும் விளம்பரம் சொல்வதுபோல் கொட்டிக் கிடக்கவில்லை. அதனால்தான் ஆயிரம் பேருக்கு அரைகுறைக் கார்டு கொடுப்பதைவிட ஐம்பது பேருக்கு முழுப் பயிற்சி கொடுப்பது நல்லது என்கிறேன். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம், பாலத்தின் தூண், நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாய்கள் இங்கெல்லாம் இன்னும் கொஞ்ச காலத்துக்கு மனிதக் கை தேவைப்படும்.

அதுவரை, இப்படி ஒரு விளம்பரம் உங்களுக்கோ உங்கள் தம்பிக்கோ வந்தால் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. இது பொழுதுபோக்குச் சான்றிதழா, தொழில் சான்றிதழா? எந்த அமைப்பு கொடுக்கிறது? எழுத்தில் தர முடியுமா?
2. மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முறையில் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குள் பயிற்சி? அது லாக் புக்கில் பதிவாகுமா?
3. பயிற்சி நடக்கும் இடத்தில் அழுத்த அறை இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு தூரம்?
4. பணம் வாங்குவதற்கு முன் காது, சைனஸ், நுரையீரல் பரிசோதனை செய்வீர்களா? (பணம் வாங்கிய பிறகு 'உனக்கு ஃபிட்னெஸ் இல்லை' என்றால் யார் பொறுப்பு?)
5. போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரிடம் நான் பேசலாமா?

ஐந்தில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பஸ் செலவோடு போகட்டும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது நண்பனும் லீவில் வந்திருந்தான். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன் அந்த ஆறு வாரத்தில் கற்றதை மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். காதுக்குள் அழுத்தத்தை எப்படிச் சமமாக்குவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படி மெதுவாக ஊதுவது, எந்த ஆழத்தில் தொடங்கி எத்தனை தடவை செய்வது. வலது பக்கம் உட்கார்ந்துதான் சொன்னான். மாமா இரண்டு தடவை செய்து பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவ்வளவுதானா கண்ணு?" என்றார். "முப்பது வருசத்துக்கு முன்னாடியே ஒருத்தன் வந்து சொல்லியிருக்கலாமல்லோ."